பதில் கார்டுகள்

என் அப்பா தன் வாழ்நாளில் மிக அதிகமாகச் செய்த அறுவை சிகிச்சையை இன்று மருத்துவக் கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் பெரும்பாலும் புத்தகத்தில்தான் பார்க்கிறார்கள். வயிற்றுக்குப் போகும் வேகஸ் நரம்பை வெட்டிவிட்டு, இரைப்பையின் பின்சுவரில் ஒரு வாசல் திறந்து அதைச் சிறுகுடலோடு சேர்த்துத் தைப்பது. டிரங்கல் வேகாட்டமி, கேஸ்ட்ரோஜெஜுனாஸ்டமி என்று முழுப்பெயர். தியேட்டரிலும் வார்டிலும் ஜி.ஜே. என்றுதான் சொல்வார்கள். "நாளைக்கு மூணு ஜி.ஜே. போட்டிருக்கு" என்று அப்பா ராத்திரி சொன்னால், காலை ஐந்தரைக்கெல்லாம் அம்மா இட்லிக் கொப்பரையை இறக்கியிருப்பார்.

எழுபதுகளிலும் எண்பதுகளின் முதல் பாதியிலும் தெற்கத்திச் சீமையின் பெரியாஸ்பத்திரிகளில் ஆண்கள் சர்ஜரி வார்டுக்குள் போனால் இந்த நோயாளிகள்தான் வரிசையாகப் படுத்திருப்பார்கள். லாரி ஓட்டுகிறவர்கள், தறி நெய்கிறவர்கள், தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கிறவர்கள், மானாவாரிக் காட்டில் உழுகிறவர்கள். முன்சிறுகுடலில் பல வருஷமாக இருந்த புண், ஆறியும் ஆறாமலும் தழும்பேறி, கடைசியில் பாதையையே அடைத்துவிடும். சாப்பிட்டது கீழே இறங்காது. நேற்று மத்தியானம் தின்ற கீரையும் பருக்கையும் இன்று சாயங்காலம் அப்படியே வாந்தியில் வரும். வாந்தி எடுத்தால் வலி அடங்குகிறது என்று தாங்களே தொண்டையில் விரலை விட்டு எடுக்கப் பழகியிருப்பார்கள். சோடா உப்பை அள்ளித் தின்று நாள் கடத்தியிருப்பார்கள். எலும்பும் தோலுமாகி, உடம்பில் உப்புச்சத்துக் குறைந்து கைவிரல்கள் இழுத்துக்கொள்கிற நிலைக்கு வந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு வருவார்கள்.

தெற்கே ஏன் இது இவ்வளவு அதிகம் என்பது அப்பா தலைமுறை சர்ஜன்கள் எல்லாரையும் குடைந்த கேள்வி. மைசூரில் பணியாற்றிய ஃபிராங்க் டோவி என்ற ஆங்கிலேய சர்ஜன், அரிசி உண்கிற பகுதிகளில் இது கூடுதல், கோதுமை உண்கிற வடக்கில் குறைவு என்று எழுதியிருந்தார். மிளகாய் என்றார்கள். பீடி, வெறும்வயிற்றில் குடிக்கும் டீ, கவலை என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். அப்பா எல்லாவற்றையும் படித்தார். எதையும் முழுசாக நம்பவில்லை. "காரணம் தெரியாமத்தான் கத்தி வைக்கிறோம்" என்று வீட்டிலேயே வெளிப்படையாகச் சொல்வார்.

அவர் 1940இல் பிறந்தவர். 1958இல் மதுரை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். கல்லூரி தொடங்கி அப்போது நான்கு வருஷம்தான் ஆகியிருந்தது. அதோடு இணைந்த எர்ஸ்கின் ஆஸ்பத்திரி பின்னால் ராஜாஜி ஆஸ்பத்திரி ஆயிற்று. ஜனங்களுக்கு எப்போதும் பெரியாஸ்பத்திரிதான். பிறகு கிராமத்தில் ஆரம்ப சுகாதார நிலையம், மறுபடி மதுரையில் எம்.எஸ்., அதற்கப்புறம் ஓய்வு பெறும்வரை தெற்கத்தி மாவட்டங்களின் அரசு ஆஸ்பத்திரிகள். மூன்று நான்கு வருஷத்துக்கு ஒரு டிரான்ஸ்ஃபர். எனக்கும் தம்பிக்கும் அந்த ஊர்களெல்லாம் கோவில் குளம் வைத்து ஞாபகமில்லை. ஆஸ்பத்திரி காம்பவுண்டு வேப்பமரங்களையும், குவார்ட்டர்ஸ் வாசலில் ராத்திரி சைக்கிள் மணி அடிக்கும் வார்டு பையனையும் வைத்துத்தான் ஞாபகம்.

அந்தப் பையன் கையில் கால் புக் இருக்கும். டியூட்டி டாக்டர் நோயாளியின் நிலையை எழுதி அனுப்ப, சர்ஜன் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டிய நீள நோட்டு. கையெழுத்துப் போட்டுவிட்டு விடிந்ததும் வருகிறேன் என்பவர்கள் உண்டு. அப்பா கையெழுத்தைப் போட்ட அதே கையால் சட்டையை எடுப்பார். புண் ஓட்டையாகி வயிறு மரப்பலகையாக இறுகிப்போய் வருகிறவர்கள் ராத்திரியில்தான் வருவார்கள். வயிற்றுக் கொழுப்புத் திரையில் ஒரு துண்டை இழுத்து ஓட்டையின்மேல் வைத்துத் தைப்பதற்குக் கிரஹாம் பேட்ச் என்று பெயர். 1937இல் கனடாவின் ராஸ்கோ கிரஹாம் எழுதிய முறை. நேரம் கடந்தால் ஆள் கிடையாது. "விடியட்டும்னு அந்த ஓட்டை காத்திருக்குமா?" என்பார் அம்மாவிடம். அம்மாவும் எழுந்து, அவர் திரும்பும்வரை முன்வாசல் விளக்கை அணைக்காமல் வைத்திருப்பார்.

விடுமுறை நாட்களில் சில சமயம் எங்களை வார்டுக்குக் கூட்டிப் போவார். அவர் நோயாளியைப் பார்க்கும் விதம் எனக்கு இன்றும் கண்ணில் நிற்கிறது. முதலில் தொடவே மாட்டார். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து வயிற்றைப் பார்த்துக்கொண்டே ஊர் எது, எத்தனை பிள்ளைகள், மழை உண்டா என்று பேசுவார். பேச்சுக்கிடையில் அந்த ஒட்டிய வயிற்றின் மேல்பாகத்தில் இடமிருந்து வலமாக ஒரு அலை மெல்ல எழும்பிப் போகும். அடைபட்ட வாசலைத் தள்ளித் திறக்க இரைப்பை படும் பாடு அது. அதைப் பார்த்தபிறகுதான் கையை வைப்பார். குளிர்காலத்தில் உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு வைப்பார். இடுப்பைப் பிடித்து லேசாக ஆட்டினால் உள்ளே தண்ணீர் சலம்பும் சத்தம் வெளியே கேட்கும். ஒரு பெரியவர், "அரைக்குடத் தண்ணி மாதிரி எந்நேரமும் குலுங்குதுய்யா, கட்டுனவளே பக்கத்துல படுக்க மாட்டேங்கிறா" என்று சொல்லி அழுதார். அப்பா சிரிக்கவில்லை. "ரெண்டு வாரம் குடுங்க, சரியாக்கிருவோம்" என்றார்.

அந்த இரண்டு வாரத்தில் பாதி, ஆபரேஷனுக்கு முன்னால் போய்விடும். மூக்கு வழியே குழாய் விட்டு, தினமும் சாயங்காலம் உப்புநீரால் இரைப்பையைக் கழுவுவார்கள். தேங்கித் தேங்கி வீங்கிப்போன இரைப்பை சுருங்கித் தேறுவதற்காக. குளுக்கோஸும் சலைனும் ஏற்றி உடம்பின் உப்புக் கணக்கைச் சரிசெய்வார்கள். மூத்தவர்கள் செய்ய வேண்டிய வேலையே அல்ல அது. அப்பா அதைப் பல தடவை தானே செய்தார். வெளியே வரும் தண்ணீரின் நிறத்தைப் பார்த்தே, இவரை எந்தக் கிழமை மேஜையில் ஏற்றலாம் என்று முடிவுசெய்வார்.

ஆபரேஷனைப் பற்றி அவர் எங்களுக்கு விளக்கியது சாப்பாட்டு மேஜையில் அல்ல. அதற்கு அம்மா விட்டதில்லை. திண்ணையில், அவருடைய பெரிய நோட்டை விரித்து வைத்துக்கொண்டு. இரைப்பையைக் கீழே இழுத்துப் பிடித்தால் உணவுக்குழாயின் மேல் வேகஸ் நரம்பு முறுக்கேறிய நூலாக விரலில் தட்டுப்படும். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. பின்னால் இருப்பது தடிமனானது, கண்ணுக்குத் தெரியாது, விரல்தான் கண்டுபிடிக்க வேண்டும். அந்த நரம்பு வழியாகத்தான் அமிலம் சுரக்கும் உத்தரவு போகிறது என்று கண்டு, 1943இல் சிகாகோவில் டிராக்ஸ்டெட் அதை வெட்டத் தொடங்கினார். நரம்பை வெட்டினால் இரைப்பை சோம்பிப்போகும், ஆகவே வெளியேற இன்னொரு வழி வேண்டும். அந்த இன்னொரு வழியை 1881லேயே வியன்னாவில் வோல்ஃப்ளர் போட்டிருந்தார். சிகாகோவும் வியன்னாவும் எங்கள் திண்ணைக்கு வந்தது இப்படித்தான்.

நோட்டில் ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு பக்கம். தமனிக்குச் சிவப்புப் பென்சில், சிரைக்கு நீலம், நரம்புக்கு மஞ்சள். பக்கத்தின் வலது ஓரத்தில் நெடுக ஒரு கோடு கிழித்து ஒரு கட்டம் காலியாக விட்டிருப்பார். வார்டை விட்டுப் போனவர் அப்புறம் என்ன ஆனார் என்பதற்காக. அந்தக் கட்டம்தான் அவருடைய கவலை. தையல் பிரித்து வீட்டுக்குப் போன மனிதர் திரும்ப வரவே மாட்டார். நன்றாக இருந்தால் வர வேண்டிய அவசியம் இல்லை. நன்றாக இல்லாவிட்டால் வேறு டாக்டரிடம் போய்விடுவார். நாற்பது மைல் பஸ் ஏறி வந்து, டாக்டரய்யா, நான் நல்லா இருக்கேன் என்று சொல்ல ஒரு நாள் கூலியை யார் விடுவார்கள்?

அதற்காகத்தான் பதில் கார்டுகள். தபாலாபீஸில் அப்போது இரட்டைக் கார்டு விற்றார்கள். ஒன்றில் நாம் எழுதி அனுப்பலாம், ஒட்டியிருக்கும் மற்றொன்றைக் கிழித்து அவர்கள் காசில்லாமல் பதில் போடலாம். ஆபரேஷன் முடிந்து ஒரு வருஷம் ஆனவர்களுக்கெல்லாம் அப்பா அனுப்பினார். சொந்தக் காசில், எந்த உத்தரவும் இல்லாமல். கேள்விகள் ஐந்து. வலி இருக்கிறதா? வாந்தி உண்டா? பேதி ஆகிறதா? முழுச் சாப்பாடு சாப்பிட முடிகிறதா? பழைய வேலைக்குப் போகிறீர்களா? கேள்விகளை அவர் எழுதுவார். முகவரி எழுதுவது ஞாயிற்றுக்கிழமை எங்கள் வேலை. தெருப்பெயர் இல்லாத முகவரிகள். ‘வடக்குத் தெரு காளியம்மன் கோவிலுக்குப் பின்பக்கம், கூரை வீடு’ என்று கேஸ் ஷீட்டில் இருந்ததை அப்படியே எழுதுவோம். ஐந்தாம் வகுப்பில் என் கையெழுத்து திருந்தியது அந்தக் கார்டுகளால்தான்.

பதில்கள் வரும். எல்லாரும் போட்டுவிடவில்லை, ஆனால் வந்தவை போதுமான அளவு வந்தன. பலருக்கு எழுதத் தெரியாது. ஊர் வாத்தியார் எழுதியிருப்பார், பள்ளிக்கூடம் போகும் பிள்ளை எழுதியிருக்கும். கேட்ட கேள்விக்குப் பதில் இரண்டு வரியில் இருக்கும், கேட்காத விஷயம் மீதி இடத்தை நிறைத்திருக்கும். மகளுக்குக் கல்யாணம் வைத்திருக்கிறோம். கிணற்றில் தண்ணீர் வந்துவிட்டது. ஐயா சொன்னபடி பீடியை விட்டேன், திரும்பப் பிடித்தேன், திரும்ப விட்டேன். அப்பா ஒவ்வொன்றையும் சத்தமாக வாசிப்பார். அம்மா அடுப்படியிலிருந்தே, "அந்தப் பிள்ளைக்கு எந்த ஊர்ல மாப்பிள்ளை?" என்பார். யாரென்றே தெரியாத குடும்பங்களின் நல்லது கெட்டது எங்கள் வீட்டுக்குள் இப்படி நடமாடியது.

வாசித்து முடித்ததும் தரம் பிரிப்போம். விசிக் என்ற ஆங்கிலேய சர்ஜன் 1948இல் வகுத்த கணக்கு அது. ஒரு தொந்தரவும் இல்லை என்றால் ஒன்று. சின்னத் தொந்தரவு, சாப்பாட்டைக் கவனித்தால் போதும் என்றால் இரண்டு. அடிக்கடி தொந்தரவு என்றால் மூன்று. முன்னைப் போலவே அல்லது முன்னைவிட மோசம் என்றால் நான்கு. ஒன்றும் இரண்டும்தான் பெரிய அடுக்கு. அதைப் பார்த்து நாங்கள் கைதட்டுவோம். அப்பா அந்த அடுக்கை ரப்பர் பேண்ட் போட்டு ஓரமாக வைத்துவிட்டு, மூன்றையும் நான்கையும் எடுத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்துவிடுவார். நரம்பை வெட்டியதில் சிலருக்குப் பேதி நிற்காமல் போகும். சாப்பிட்டவுடன் நெஞ்சு படபடத்து வேர்த்து மயக்கம் வரும். ஒருவர் எழுதியிருந்தது மறக்கவில்லை. சோறு இறங்குகிறது, சாமி புண்ணியம், ஆனால் பஸ்ஸில் ஏறப் பயமாக இருக்கிறது, எந்த நேரம் வெளியே போக வேண்டி வருமோ என்று. அவருக்கு அன்றைக்கே பதில் எழுதினார். எதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட வேண்டும், எதை விட வேண்டும், எப்போது வந்து பார்க்க வேண்டும், பஸ் காசு இல்லையென்றால் கவலைப்பட வேண்டாம் என்று.

அப்பாவின் வாழ்க்கையில் எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். சர்ஜனின் வேலை தையல் போட்டதும் முடிந்துவிடுகிறது என்று நினைப்பது எளிது. கையில் திறமை அதிகம் இருக்க இருக்க அந்த நினைப்பும் அதிகம் வரும். அப்பாவுக்குக் கை நல்ல கை. கூட வேலை பார்த்த சிஸ்டர்கள் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் அவருக்குத் தன் கையைப் பற்றிப் பேசவே பிடிக்காது. அந்த ஆள் இப்போது சாப்பிடுகிறாரா என்பதில்தான் அவர் மனசு இருந்தது.

வீட்டிலும் அப்படியேதான். பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு அவர் வந்ததில்லை. எங்கள் பிறந்தநாளில் பாதி நாள் தியேட்டரில் இருந்தார். ஆனால் நாம் சொன்ன எந்தச் சின்ன விஷயத்தையும் அவர் பாதியில் விட்டதில்லை. என் சிநேகிதியோடு சண்டை என்று ஒரு திங்கட்கிழமை சொன்னால், வெள்ளிக்கிழமை தலைக்கு எண்ணெய் வைத்துவிடும்போது, "அவ பேசிட்டாளா?" என்பார். தம்பி வளர்த்த கிளிக்குஞ்சு கால் ஊனமாகி, அப்பா அதற்கு ஈர்க்குச்சி வைத்துக் கட்டுப் போட்டார். அது பறந்துபோய் மாதக்கணக்கான பிறகும் வேப்பமரத்தில் கிளிகள் வந்தால் எழுந்துபோய் காலைப் பார்ப்பார்.

பையில் வார் அறுந்தால் தைப்பது அவர்தான். சில்க் நூலை நாற்காலிக் காலில் கட்டி ஒற்றைக் கையால் முடிச்சுப் போடுவதை எங்களுக்குக் கற்றுக்கொடுத்தார். எங்கள் ஆச்சி மல்லிகைச் சரம் கட்டுவதை ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து கவனித்துவிட்டு, அடுத்த வாரமே நெருக்கமாக, ஒரு பூ நசுங்காமல் கட்டிக் காட்டினார். "மருமகனுக்கு இந்த வேலையே போதும்" என்று ஆச்சி ஊரெல்லாம் சொன்னார்.

எண்பதுகளின் தொடக்கத்தில் அம்மாவுக்கு முடக்குவாதம் வந்தது. ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ். காலையில் எழுந்தால் விரல்கள் மடங்காது. கொஞ்ச வருஷத்தில் விரல்கள் சுண்டுவிரல் பக்கமாகச் சாய ஆரம்பித்தன. ஆஸ்பிரின், தங்க உப்பு ஊசி, பிரெட்னிசோலோன், பின்னால் வாரம் ஒரு நாள் மீத்தோட்ரெக்ஸேட். அந்தக் காலத்தில் இருந்த எல்லாம் பார்த்தாயிற்று. அம்மா படித்தவர், கல்யாணத்துக்கு முன் கணக்கு வாத்தியாராக இருந்தவர். வேதனையை வெளியே காட்டமாட்டார். ஆனால் ஒரு நாள் காபி டம்ளர் கையிலிருந்து நழுவி விழுந்தபோது, "இனி இந்தக் கை எதுக்கு?" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அன்று ராத்திரி அப்பா தன் பழைய பேராசிரியரைப் பற்றிச் சொன்னார். மதுரை மருத்துவக் கல்லூரியில் கண் மருத்துவத் துறைக்குத் தலைவராக இருந்த டாக்டர் கோ. வெங்கடசாமி. முப்பது வயதிலேயே இதே நோய் அவரைப் பிடித்தது. விரல்கள் கோணிப்போய், பேனாவைப் பிடிப்பதே கஷ்டம் என்ற நிலையிலிருந்து, கத்தியைப் பிடிக்கத் தன் கையைப் பழக்கிக் கண்ணுக்குள் ஆபரேஷன் செய்தார். ஒரு லட்சத்துக்கும் மேல் செய்தார். அரசுப் பணியில் ஓய்வு பெற்றபின் 1976இல் பதினொரு படுக்கைகளோடு அவர் தொடங்கியதுதான் அரவிந்த் கண் மருத்துவமனை. "அந்த விரலை நான் கிட்ட நின்னு பார்த்திருக்கேன். உன் விரலைவிட மோசம்" என்றார் அப்பா.

அம்மா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு ஒன்றே ஒன்று சொன்னார். "அவர் கைக்குத் தக்கபடி கருவி செஞ்சாங்கல்ல. என் கைக்குக் கரண்டி யார் செய்வா?"

அடுத்த ஞாயிறு அப்பா செய்தார். மாவுக்கட்டுப் போடும் பிளாஸ்டர் பேண்டேஜைத் தண்ணீரில் நனைத்து, கரண்டிக் காம்பின்மேல் சுற்றி, ஈரம் காய்வதற்குள் அம்மாவின் கையை அதன்மேல் வைத்து மூடி, அப்படியே அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தார். காய்ந்ததும் அம்மாவின் பிடி அதில் பதிந்திருந்தது. அதன்மேல் எனாமல் பெயிண்ட் அடித்தார். முதல் கரண்டி குழம்புச் சூட்டில் பெயிண்ட் உரிந்துவிட்டது. அடுத்ததை அந்தப் பதிவை வைத்துத் தச்சரிடம் வேப்பங்கட்டையில் கடைந்து வாங்கினார். கரண்டி, அரிவாள்மனைக்குப் பதிலாகத் தடித்த பிடிபோட்ட கத்தி, சாவிக்கு ஒரு மரக்குமிழ், பேனாவுக்கு ரப்பர் குழாய்ச் சுற்று. எது எவ்வளவு நாள் உதவியது, எந்த விரலில் அழுத்துகிறது என்று இதற்கும் ஒரு நோட்டு வைத்திருந்தார். நோய் முற்ற முற்றப் பிடியை மாற்றி மாற்றிச் செய்தார். கருவியால் முடியாததைத் தானே செய்தார். அம்மாவுக்குத் தலைவாரிப் பின்னுவது, சேலைக்குக் கொசுவம் வைப்பது, பூ வைப்பது. விருந்தாளிகள் இருந்தாலும் அதற்காக அறைக்குள் போகமாட்டார். முற்றத்தில் நாற்காலியைப் போட்டு அம்மாவை உட்காரவைத்து, பேசிக்கொண்டே பின்னுவார்.

இதற்கிடையில் ஜி.ஜே. குறைய ஆரம்பித்தது. ராத்திரியோடு ராத்திரியாக அல்ல. சிமெடிடின் வந்தது, ரானிடிடின் வந்தது, பிறகு ஒமெப்ரசோல். அமிலத்தை மாத்திரையால் அடக்க முடிந்தது. வாரத்துக்குப் பலராக இருந்தவர்கள் வாரத்துக்கு ஒருவரானார்கள், மாதத்துக்கு ஒருவரானார்கள். கூடவே ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்திலிருந்து ஒரு செய்தி. ராபின் வாரன், பாரி மார்ஷல் என்ற இரண்டு பேர், இரைப்பையில் வாழும் ஒரு கிருமியே இந்தப் புண்ணுக்குக் காரணம் என்றார்கள். அமிலத்துக்குள் கிருமி வாழுமா என்று உலகமே நம்ப மறுத்தபோது, மார்ஷல் 1984இல் அந்தக் கிருமியைத் தானே குடித்து, தன் இரைப்பை அழற்சியைத் தானே நிரூபித்தார். ஹெலிகோபாக்டர் பைலோரி. அப்பாவும் முதலில் நம்பவில்லை. ஆனால் வருகிற கட்டுரைகளையெல்லாம் மதுரைக்குப் போய் நூலகத்தில் உட்கார்ந்து படித்தார். 1994இல் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர் குழு, புண்ணும் கிருமியும் சேர்ந்திருந்தால் ஆன்டிபயாடிக் கொடுக்க வேண்டும் என்று சொன்னதும் அவருக்குச் சந்தேகம் தீர்ந்தது.

அவருக்கு அப்போது ஐம்பத்துநான்கு வயது. இருபது வருஷத்துக்கும் மேல் அவர் கை பழகிய வேலை, எந்த நரம்பு எங்கே ஒளிந்திருக்கும் என்று அவர் விரலுக்கு மட்டும் தெரிந்த அந்த அறிவு, இனி வேண்டாம். அவர் வயதுச் சர்ஜன்கள் சிலர் கடைசிவரை கிருமிக் கதை என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். அப்பா பரணிலிருந்து பழைய நோட்டுகளை இறக்கினார். ரப்பர் பேண்ட் இற்றுப்போய்க் கிடந்த கார்டுகளை எடுத்தார். மூன்றும் நான்கும். நான் விடுமுறைக்கு வந்திருந்தேன். என் முன்னால் ஒரு கட்டு புதுக் கார்டுகளை வைத்து, "தாயி, முகவரி எழுதித் தா. உன் எழுத்துத்தான் தபால்காரருக்குப் புரியும்" என்றார்.

இந்தத் தடவை கேள்விகள் இல்லை. உங்களுக்கு ஆபரேஷன் செய்த டாக்டர் எழுதுகிறேன். வயிற்று வலி திரும்ப வந்திருந்தால் அதற்கு இப்போது மாத்திரை வந்துள்ளது. மீண்டும் ஆபரேஷன் தேவைப்படாமல் போகலாம். கீழே உள்ள ஆஸ்பத்திரியில் செவ்வாய், வெள்ளி காலையில் என்னைப் பார்க்கலாம். இவ்வளவுதான். நரம்பை வெட்டியும் புண் திரும்பி வந்தவர்கள் அவர்களில் சிலர். பல கார்டுகள் ‘விலாசதாரர் இல்லை’ என்று திரும்பின. சிலர் வந்தார்கள். எண்டோஸ்கோப்பி எடுத்து, புண் இருந்தவர்களுக்கு இரண்டு வாரம் மாத்திரை கொடுத்தார். ஒருவர் இரண்டு மாதம் கழித்து வந்து, பதினாறு வருஷத்துக்குப் பிறகு ராத்திரி விழிக்காமல் தூங்குகிறேன் என்றாராம். அப்பா அதை எங்களிடம் சொல்லும்போது குரல் கம்மியது. சந்தோஷமும் துக்கமும் பிரிக்க முடியாமல் இருந்த முகம். "ரெண்டு வாரத்து மாத்திரைம்மா. அதுக்கா அந்த ஆளு வயித்தை நான் கிழிச்சேன்" என்றார். அம்மா, "அன்னிக்கு அது இருந்துச்சா? இருந்து நீங்க குடுக்காம விட்டீங்களா?" என்று கேட்டார். அப்பா பதில் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கேள்வி அவரைத் தாங்கிப் பிடித்தது என்று நினைக்கிறேன்.

1998இல் ஓய்வு பெற்றார். தனியார் ஆஸ்பத்திரிகள் கூப்பிட்டன, போகவில்லை. லேப்ராஸ்கோப்பி அதற்குள் பரவியிருந்தது. அந்தக் கையை நான் புதிதாகப் பழக்க வேண்டும், பழகும் காலத்தில் யார் வயிற்றில் பழகுவது என்று கேட்டார். தன்னிடம் வருகிறவர்களைத் தன்னிடம் படித்த இளையவர்களிடம் அனுப்பினார். மதுரையில் வாங்கியிருந்த சின்ன வீட்டில் அம்மாவோடு இருபது வருஷம். அந்த இருபது வருஷமும் அடுப்படி அவருடையது. பேரப்பிள்ளைகளுக்குத் தோசை வார்த்தவர் அவர்தான். 2005 அக்டோபரில் மார்ஷலுக்கும் வாரனுக்கும் நோபல் பரிசு என்று செய்தி வந்ததும் எனக்குப் போன் செய்தார். "நாங்க வருஷக்கணக்கா நரம்பைத் தேடிக்கிட்டிருந்தோம். அவங்க ரெண்டு பேரும் பூச்சியைப் பிடிச்சுட்டாங்க" என்றார். குரலில் அத்தனை உற்சாகம். அன்று கேசரி கிண்டித் தெருவில் நாலு வீட்டுக்குக் கொடுத்திருக்கிறார். என்ன விசேஷம் என்று கேட்டவர்களை உட்காரவைத்து முழுக் கதையையும் சொல்லியிருக்கிறார்.

2018இல், ஒரு வாரக் காய்ச்சலில், எழுபத்தெட்டு வயதில் அப்பா போனார். அவர் விருப்பப்படி கண்களைக் கொடுத்தோம். கண் வங்கியிலிருந்து வந்தவர்களிடம் அம்மாதான் படிவத்தில் கையெழுத்துப் போட்டார்.

காரியம் முடிந்து சில நாள் கழித்து, பேப்பரில் அறிவிப்பைப் பார்த்துவிட்டு விருதுநகர்ப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். ஐம்பது வயது இருக்கும். தன் தகப்பனாருக்கு 1979இல் அப்பா ஆபரேஷன் செய்ததாகச் சொன்னார். நான் நோட்டை எடுத்துத் தேடினேன். பக்கம் இருந்தது. வலது ஓரக் கட்டத்தில், முதல் கார்டின் பதில்: மூன்றாம் தரம். அதன்கீழே 1995 என்று போட்டு, கார்டு அனுப்பியதற்கு ஒரு குறி. அதன் பிறகு ஒன்றும் இல்லை.

"அந்தக் கார்டு வந்தப்ப அப்பா தவறி ரெண்டு வருஷம் ஆயிருச்சும்மா" என்றார் அவர். "கடைசிவரைக்கும் வயித்துத் தொந்தரவு இருந்துக்கிட்டேதான் இருந்துச்சு. நெஞ்சடைப்புல போனாரு. கார்டைப் பார்த்துட்டு எங்கம்மா அழுதாங்க. இத்தனை வருஷம் கழிச்சு ஒரு டாக்டர் கேக்குறாரேன்னு. பதில் போட எங்களுக்குத் தோணலை. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

அம்மா அவரைச் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்றார். நான் அவர் சொன்னதைக் கட்டத்தில் எழுதினேன். அவர் அந்தப் பக்கத்தைப் பார்க்கலாமா என்று கேட்டார். திருப்பிக் கொடுத்தேன். சிவப்பும் நீலமும் மஞ்சளுமான படத்தை வெகுநேரம் பார்த்தார். இது இரைப்பை, இது நரம்பு, இங்கே வெட்டியிருக்கிறார், இந்தக் குடலைக் கொண்டுவந்து இங்கே தைத்திருக்கிறார் என்று திண்ணையில் எனக்குச் சொல்லப்பட்டதை அவருக்குச் சொன்னேன். அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். அவருடைய மகனுக்கு இருபத்திரண்டு வயது, லாரி செட்டில் வேலை, கொஞ்ச நாளாக ராத்திரியில் வயிறு வலிக்கிறது என்று எழுந்து உட்கார்ந்துகொள்கிறான். தாத்தாவுக்கு வந்ததுதான் என்று எல்லாரும் சொல்கிறார்கள். இவனுக்கும் இப்படி வெட்ட வேண்டியிருக்குமா?

இருக்காது என்றேன். மதுரையில் அப்பாவிடம் படித்த ஒரு டாக்டரின் பெயரையும் நேரத்தையும் எழுதிக் கொடுத்தேன். முதலில் எண்டோஸ்கோப்பி பார்ப்பார்கள், கிருமி இருக்கிறதா என்று சோதிப்பார்கள், இருந்தால் இரண்டு வாரம் மாத்திரை, நடுவில் ஒரு வேளைகூட விடக் கூடாது என்றேன். அம்மா உள்ளேயிருந்து, "மாத்திரை முடிச்சதும் என்னாச்சுன்னு அந்தப் பையனை ஒரு போன் போட்டுச் சொல்லச் சொல்லு" என்றார். நான் எங்கள் வீட்டு நம்பரையும் அந்தத் தாளிலேயே எழுதினேன்.